மியூர்ஃபீல்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

எடின்பரோவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. நானும் கணவரும் கோல்ஃப் பழகியது பிரெய்ட் ஹில்ஸில். நகர நிர்வாகத்தின் மைதானம் அது. காசு கட்டி யாரும் ஆடலாம். அந்த மேட்டில் நின்றால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஃபோர்த் கழிமுகம் தெரியும். அதன் தென்கரையில், கலன் என்ற ஊரில் இருக்கிறது மியூர்ஃபீல்ட் கோல்ஃப் மைதானம். அங்கே ஒருநாள் ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அது எடின்பரோ கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பழைய சங்கத்துக்குச் சொந்தமான தனியார் கிளப். நாங்கள் விண்ணப்பித்தபோது வெளியாருக்கு வாரத்தில் இரண்டே நாள்: செவ்வாய், வியாழன். காலையில் நாலு பேரும் அவரவர் பந்தில் ஒரு சுற்று, பிறகு மதியச் சாப்பாடு, அதன்பின் இரண்டு பேருக்கு ஒரு பந்து என்று இன்னொரு சுற்று. கட்டணம் பெரிய தொகைதான். ஒரு வருடம் தனியாக எடுத்து வைத்தோம்.

தேதி கிடைத்ததைவிட, ஒருவரின் ஆட்டத் திறனை எண்ணில் சொல்லும் ஹேண்டிகேப் சான்றிதழ் வாங்கியதுதான் சிரமம். நாங்கள் உறுப்பினராக இருக்கும் சின்ன கிளப்பில் மூன்று வாரம் இழுத்துவிட்டார்கள். நேரில் போய் நின்ற பிறகுதான் கைக்கு வந்தது. நீங்கள் விண்ணப்பிப்பதாக இருந்தால் முதலில் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆண்களுக்குச் சாப்பாட்டு அறையில் கோட்டும் டையும் வேண்டும். கணவர் கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டை எடுத்துக்கொண்டார்.

கணவரின் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் எங்களுடன் சேர்ந்துகொள்ள, நாலு பேராகப் பஸ்ஸில் போய் இறங்கினோம். பெரிய பலகையோ தோரணவாயிலோ கிடையாது. பந்தும் தொப்பியும் விற்கும் கடையும் இல்லை. மைதானத்தை ஒட்டி கிரேவால்ஸ் என்ற பழைய வீடு நிற்கிறது. 1901இல் அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யென்ஸ். டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே ஆள்.

சங்கத்தின் கதை இந்த ஊரில் தொடங்கவில்லை. 1744இல் எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தின் திடலில் நடக்கும் போட்டிக்கு எடின்பரோ நகர சபை ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாகக் கொடுத்தது. அந்தப் போட்டிக்காக 13 விதிகளை எழுதினார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் கோல்ஃப் விதிகளில் மிகப் பழையவை அவைதான். முதல் விதி, குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அடுத்த குழிக்கான பந்தை வைக்க வேண்டும் என்கிறது. அப்போது லீத்தில் இருந்தவை ஐந்தே குழிகள். அந்த வருடம் ஜெயித்த ஜான் ராட்ரே ஒரு அறுவை மருத்துவர். பிரிட்டிஷ் அரியணைக்காகக் கலகம் செய்த ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸின் படையோடு, அது தோற்ற கலோடன் போர்க்களம் வரை போய்ச் சிறைப்பட்டார். அவரை மீட்டுவிட்டவர் தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸ், லீத்தில் அவரோடு கோல்ஃப் ஆடியவர். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்க்கிற எனக்கு அந்த டாக்டர்மேல் தனிப் பிரியம்.

லீத்தில் கூட்டம் மிஞ்சிப்போக, 1836இல் பக்கத்து ஊரான மசல்பரோவுக்கு மாறினார்கள். அங்கேயும் நெரிசல் வர, 1891இல் இங்கே வந்தார்கள். அடுத்த வருடமே ஓபன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி இங்கே நடந்தது. ஓபன் முதன்முதலாக 72 குழிகளுக்கு நடந்ததும் அப்போதுதான்.

முதல் ஒன்பது குழிகள் வெளிச்சுற்றாக வலமாகவும், பின் ஒன்பது உள்ளே இடமாகவும் போகின்றன. அதனால் காற்று ஒவ்வொரு குழியிலும் வேறு பக்கம் இருந்து வருகிறது. காலையில் எனக்குக் கணக்கே பிடிபடவில்லை. கடல் காற்று முகத்தில் அறையும். அடுத்த குழியில் அதே காற்று முதுகைத் தள்ளும்.

சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது மனம் கொஞ்சம் கனத்தது. 2016இல் பெண்களை உறுப்பினராக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; கிடைத்தது 64 சதவீதம். இனி இங்கே ஓபன் கிடையாது என்று அந்தப் போட்டியை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அறிவித்தது. மறு வருடம் மறுபடி வாக்கெடுத்தபோது 80 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2019இல்தான் முதல் பெண் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். 1744இலிருந்து 275 வருடம்! அந்த நீளத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 2022இல் பெண்கள் ஓபன் இங்கே நடந்தபோது முழுப் போட்டியையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் ஆட்டக்காரர் ஆஷ்லி புஹாய் ஜெயித்ததும் அழுதுவிட்டேன்.

வறுத்த இறைச்சி, காய்கறி, கனமான புட்டிங். பக்கத்தில் இருந்த ஒரு முதியவர், "அவசரப்படாம சாப்பிடுங்க, மத்தியான ஆட்டம்தான் எங்க ஆட்டம்" என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னார்.

அவர் சொன்னது எனக்குப் பதின்மூன்றாம் குழியில் புரிந்தது. ஜோடி ஆட்டத்தில் ஒருவர் அடித்த பந்தை அடுத்து மற்றவர் அடிக்க வேண்டும். ஒற்றைப்படைக் குழிகளைக் கணவர் தொடங்கினார். அவர் அடித்த பந்து, குழியைச் சுற்றிய கிரீன் என்ற புல்தரையின் ஓரத்தில் இருந்த பங்கருக்குள், அதாவது மணல் பள்ளத்துக்குள் விழுந்தது. இறங்கி நின்றேன். புல்தரையைச் செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிய சுவர் என் தோளுக்கு மேல் நின்றது. பந்து அதன் அடியில் ஒட்டிக் கிடந்தது. நேராக அடித்தால் திரும்ப என் காலிலேயே விழும்.

"பின்பக்கமா எடுத்துடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றார் மேலே நின்று.

கொடியைப் பார்க்காமல் எதிர்த்திசையில் அடித்தேன். மணலோடு பந்து மேலேறிப் புல்லில் நின்றது. அவர் அடுத்த அடியில் அதைக் குழியிலிருந்து ஐந்தடிக்குள் கொண்டுவந்தார். அந்த ஐந்தடியை நான் உள்ளே தள்ளினேன்.

ஜோடி ஆட்டத்தில் பந்துகள் இரண்டே என்பதால் சுற்று சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளிச்சம் மிச்சமிருந்தது. கலன் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஷூவைத் தட்டினேன். பங்கர் மணல் கொட்டியது. கணவர் டையைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி, அடுத்த வருடத்துக்கு இன்றைக்கே எழுதிவிடலாமா என்று கேட்டார்.