புது முறை வேலை செய்ததா, இல்லை நாம் தேறிவிட்டோமா?

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற சின்ன டீம் எங்களுடையது. முதல் ப்ராஜெக்ட்டில் டிசைன் என்று தனியாக எதுவும் செய்யவில்லை, நேராகக் கோடிங்கில் உட்கார்ந்தோம். இரண்டாவதில் புது முறை: கம்பெனியில் வேலை செய்கிறவர்களோடு பேசி, அவர்கள் புழங்கும் வார்த்தைகளிலேயே மாடல், அதாவது எது எதோடு எப்படிச் சேர்கிறது என்கிற படம், வரைந்து, அப்புறம்தான் கோடிங். பக், அதாவது சாஃப்ட்வேரில் வரும் பிழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எல்லோரும் அந்த முறையைக் கொண்டாடினார்கள், எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

முதல் ப்ராஜெக்ட்டின்போது எங்களில் யாருக்கும் ப்ராசஸ் லாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. 412 கிலோ துணிக்கு டிசி (டெலிவரி சலான்) போட்டு டையிங்குக்கு, அதாவது சாயம் போட, அனுப்பினால் 389 கிலோ திரும்பி வரும், மீதி 23 கிலோ அந்த வேலையிலேயே குறைகிற எடை. எங்கள் சாஃப்ட்வேரோ அதை டையிங்காரர் தரவேண்டிய பாக்கி என்று மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தது. "ஏனுங் தம்பி, அந்த 23 கிலோவை நான் எங்க போய்ங்க தேடறது?" என்று ஸ்டோர் அண்ணன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு எந்த முறையில் எழுதியிருந்தாலும் அந்தத் தப்பு மறுபடி வந்திருக்காது. போதாததற்கு, முதல் தடவை ஒவ்வொரு பக்கையும் எக்செல்லில் குறித்து வைத்தோம், இரண்டாவது தடவை பாதிப் புகார்கள் போனிலேயே வந்து போனிலேயே முடிந்துவிட்டன.

கொடுமுடிப் பக்கம் எங்கள் அப்பாரு மஞ்சள் போடுவார். புது உரம் வந்தால் காடு முழுக்க வீசமாட்டார், நாலு பாத்திக்குப் போட்டுவிட்டு பக்கத்துப் பாத்திகளை அப்படியே விட்டுவைப்பார். மழை நன்றாகப் பேய்ந்தால் எல்லாமேதான் விளையும், உரத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பார்.

2008-ல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும். கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை முதலில் எழுதிவிட்டு அப்புறம் கோட் எழுதும் முறையைப் பற்றியது, மைக்ரோசாஃப்ட்டில் மூன்று டீம், ஐபிஎம்மில் ஒன்று. அந்த முறை இல்லாத, அதே மாதிரியான ப்ராஜெக்ட்டுகளை விடப் பிழை அடர்த்தி (இத்தனை வரி கோடுக்கு இத்தனை பிழை என்ற கணக்கு) 40 முதல் 90 சதவீதம் குறைவு, ஆரம்ப வேலை நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடுதல். அந்த நேரக் கணக்கு மேனேஜர்கள் மதிப்பிட்டுச் சொன்னது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

சரி, மூன்றாவது ப்ராஜெக்ட்டில் நாங்களும் பாத்தி கட்டினோம். சாஃப்ட்வேரில் ஆறு மாட்யூல், அதாவது ஆறு தனிப் பகுதிகள், சீட்டுக் குலுக்கி மூன்றுக்கு மட்டும் புது முறை, ஆட்கள் அதே ஆட்கள். எதை எண்ணப்போகிறோம் என்று முதல் நாளே எழுதி வைத்தோம்: டெலிவரிக்குப் பிறகு மூன்று மாதத்தில் திருத்த வேலைக்குப் போன மணி நேரம். முறை இல்லாமல் எழுதிய நூல் ஸ்டாக் 60 மணி நேரத்தைத் தின்றது. முறையோடு எழுதிய ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலைகளின் கணக்கு) 14-தான் ஆனது, இத்தனைக்கும் அதுதான் இருப்பதிலேயே சிக்கலான மாட்யூல். லாகினுக்கு மாடல் வரைந்த இரண்டு நாள் சுத்தமாக வீண். ஆறு மாட்யூல் சின்னக் கணக்குதான், அதனால் இத்தோடு விடுவதாக இல்லை. அடுத்து ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு எழுதப்போகிறோம். ஏலம், மூட்டை எடை மாதிரி கணக்கு பின்னிக் கிடக்கும் பகுதிகளை மட்டும் சீட்டில் போட்டு, மறுபடியும் பாதியை விட்டுவைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன்.