மெழுகைப் பிடித்துக்கொண்டு மறுமலர்ச்சி வரை

டெல்லியில் கலை வரலாறு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், கலைக் கல்லூரியில் இருந்தாலும் ராஜேந்தர் நகரில் ஆட்சிப்பணித் தேர்வுக்குத் தயாரானாலும், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள். எகிப்து, கிரேக்கம், ரோம், இடைக்காலம், ஃபிளாரன்ஸ் என்று வரிசையாக ஆண்டுகளும் பெயர்களும். தேர்வு முடிந்த மறுவாரம் எதுவும் மிஞ்சாது. ஒரே ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டு இந்த நாலாயிரம் ஆண்டுகளையும் கடந்து பாருங்கள் என்பேன். நம்மவர்களுக்கு அதற்கு மிகப் பொருத்தமானது மெழுகு வார்ப்பு. அதன் பட்டறைகள் சுவாமிமலையில் இன்றும் நடக்கின்றன. அதன் மிகப் பழைய சாட்சிகளில் ஒருத்தி ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறாள்.

முதலில் செய்முறை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, உருவத்தை முழுக்க அதிலேயே செய்கிறார்கள். அளவு எடுக்கத் தென்னை ஓலை நறுக்கை மடித்துக்கொள்வார்கள். நம் சிற்ப நூல்கள் சொல்லும் உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 கூறு. எகிப்தியரும் இப்படித்தான்: உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம் போட்டு வரைந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவர்கள் உருவங்கள் ஒன்றுபோலத் தெரிவதற்கு இந்தக் கட்டம் முக்கியமான காரணம். அதைத் திறமைக் குறைவாக எண்ணுவது தவறு.

மெழுகு உருவத்தின்மேல் முதல் பூச்சு, உமிக்கரி கலந்த நைசான காவிரி வண்டல். நகக்கண், அணிகலன், ஆடை மடிப்பு எல்லாம் பதிவது இதில்தான். அதன்மேல் வயல் மண், பிறகு பருமணல் கலந்த மண், இரும்புக் கம்பிக் கட்டு. ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும். பிறகு சூடேற்றினால் மெழுகு துளை வழியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். செம்பு பெரும்பகுதி, பித்தளையும் ஈயமும் கொஞ்சம், தங்கமும் வெள்ளியும் பெயருக்கு. மெழுகு தண்ணீரைவிடச் சற்று லேசு, வெண்கலம் தண்ணீரைப்போல் கிட்டத்தட்ட 8.8 மடங்கு கனம். அதனால் மெழுகின் எடையைப்போல் சுமார் 9 மடங்கு உலோகம், உலோகம் உள்ளே ஓடும் வாய்க்காலில் தங்குவதற்குக் கூடுதலாகக் கொஞ்சம். இந்தக் கணக்குக்காகவே மெழுகை முன்கூட்டி எடைபோட்டு வைப்பார்கள்.

கெடுவது எங்கே? மண்ணில் ஈரம் இருந்தால் நீராவி கிளம்பி அச்சு வெடிக்கும். அச்சு ஆறிப்போயிருந்தால் உலோகம் விரல்நுனிக்குப் போய்ச் சேரும் முன்பே உறையும். காற்று வெளியேற வழி இல்லையென்றால் உள்ளே குமிழி. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் தப்பினால் மெழுகிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தபின், தேசிய அருங்காட்சியகத்தில் நிற்பதாகச் சொன்ன அந்தச் சாட்சியை, சிந்துவெளி மொகஞ்சதாரோவின் நடன மாதைப் போய்ப் பாருங்கள். உயரம் வெறும் 10.5 செ.மீ. அந்த அளவு உருவத்தை உள்ளே வெற்றிடம் இல்லாமல் முழு உலோகமாக வார்ப்பதில் சிக்கலே இல்லை. ஆளுயரத்துக்குப் போனால்தான் சிக்கல்: 600 கிலோவைத் தாண்டும், தடித்த இடங்கள் கடைசியில் ஆறிச் சுருங்கி விரிசல் விடும். கிரேக்கர்கள் உள்ளே களிமண் கரு வைத்து, மெழுகை மெல்லிய தோலாக்கி, கை, தலை, உடல் என்று தனித்தனியே வார்த்து ஒட்டினார்கள். 1972-இல் இத்தாலியில் ரியாச்சே கடலடியில் கிடைத்த இரு வீரர்கள் அந்த வகை. ஒருவருக்கு வெள்ளிப் பற்கள், செம்பு உதடுகள். ரோமர்கள் கிரேக்க வெண்கலங்களைப் பளிங்கில் படியெடுத்தபோது கணுக்கால் தாங்காது என்று பக்கத்தில் ஒரு மரக்கட்டையையும் செதுக்கிச் சேர்த்தார்கள். சிற்பத்தின் காலருகே காரணமில்லாத மரத்துண்டு தெரிந்தால், மூலம் வெண்கலமாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

இடைக்காலத்தை இருண்ட காலம் என்று தாண்டிவிடாதீர்கள். இராசராசன் தஞ்சைக் கோயிலை 1010-இல் முடிக்கிறான். அவன் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளின் உயரம் முழத்திலும் விரலிலும் கல்வெட்டில் இருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து, 1015-இல், ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமில் 4.7 மீட்டர் உயர வெண்கலக் கதவுகளை, ஒவ்வொரு கதவையும் ஒரே வார்ப்பாக எடுக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது என் ஆசை.

ஃபிளாரன்ஸுக்கு வருவோம். ஞானஸ்நான மண்டபத்தின் கதவுக்காக 1401-இல் நடந்த போட்டியின் இரு பலகைகள் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன. போட்டியிட்டவர்களில் புரூனெல்லெஸ்கி உருவங்களைத் தனியே வார்த்துத் தகட்டில் பொருத்தினார். கிபெர்ட்டி ஏறக்குறைய முழுவதையும் ஒரே வார்ப்பாக, பின்பக்கம் குடைவாக எடுத்தார். ஏறத்தாழ 7 கிலோ வெண்கலம் மிச்சம். கதவு முழுக்கப் பல பலகைகள் என்னும்போது அது பெரும் பணம். அழகு மட்டுமே தீர்ப்பைச் சொன்னது என்று பாடநூல்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. வேலை கிபெர்ட்டிக்குப் போனது. பிறகு 1425 முதல் 1452 வரை அவர் செய்த கிழக்குக் கதவில் முன்னால் நிற்பவர்கள் முழு உருவமாகத் துருத்துகிறார்கள், பின்னணிக் கட்டடங்கள் கீறல் ஆழம்தான். தூரத்தில் இருப்பதைச் சிறிதாகக் காட்டும், அப்போது புதிதாகக் கண்டறிந்த தொலைநோக்கு (perspective) விதி மெழுகின் தடிமனாக மாறியிருக்கிறது.

ஃபிளாரன்ஸ் சிற்பி செல்லினியின் பெர்சியஸ் என்ற வெண்கலச் சிலை (1545–54) இன்னொரு பாடம். ஊற்றும் நேரத்தில் உலோகம் கெட்டித்துவிட, வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டுகளை உலையில் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். வெள்ளீயம் உருகுநிலையைக் குறைத்து உலோகத்தை ஓடவைக்கும். சுத்தச் செம்பு உருகுவது 1085 டிகிரியில். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தால் ஏறக்குறைய 1000 போதும்.

டெல்லியில் இருப்பவர்கள் திங்கட்கிழமை தவிர மற்ற நாளில் ஜன்பத் போங்கள். நடன மாதைப் பார்த்த கையோடு சோழர் செப்புத் திருமேனிகளுக்கு வாருங்கள். திருவரங்குளத்து ஆடவல்லான் (நடராசர்) தூக்கிய திருவடி இல்லாமல் சதுர நடனத்தில் நிற்பதைக் கவனியுங்கள். பீடங்களில் தெரியும் துளைகளும் வளையங்களும் உலாவுக்குத் தூக்கும் கம்புகளுக்கானவை. முகம் மழுங்கிய திருமேனி என்றால் தலைமுறை தலைமுறையாக அபிஷேகமும் துடைப்பும் நடந்திருக்கிறது என்று பொருள். கூட்டம் முன்பக்கம்தான் நிற்கும். முடிந்தால் பின்னால் சுற்றிப் போய்ச் சடையையும் முதுகையும் பாருங்கள், ஸ்தபதி அங்கேயும் அதே உழைப்பைக் கொட்டியிருப்பார்.