சட்டைப் பொத்தான்

அப்பாவுக்கு விரல்கள் மரத்துப்போனது அவர் சொல்லி எனக்குத் தெரியவில்லை. 4-வது கீமோவுக்குக் கிளம்ப வேண்டிய காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரமாக வெளியே வரவில்லை, தட்டினால் "இதோ வந்துட்டேம்மா" என்கிறார், பொறுக்க முடியாமல் உள்ளே போய்ப் பார்த்தால் சட்டையின் மேல் பொத்தானைக் குனிந்து பார்த்துப் பார்த்துத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறார். பொத்தான் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "ரெண்டு வாரம் இருக்கும். சொன்னா மருந்த நிறுத்திருவாங்கன்னு..." என்று இழுத்தார்.

அன்றைக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் இந்தப் புற்றுநோய் ஆரம்பித்ததே இப்படித்தான். மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று தானே முடிவுகட்டி எங்களிடம் சொல்லாமல் பல மாதம் ஓட்டியிருக்கிறார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோபி, பயாப்ஸி, சிடி ஸ்கேன் எல்லாம் முடிந்து, பெருங்குடல் மலக்குடலோடு சேரும் இடத்தில் கட்டி என்று தெரிந்தபோது அவருக்கு 63 வயது. கட்டியோடு அந்தப் பகுதிக் குடலையும் அதைச் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) வெட்டி எடுத்தார்கள். 17 நெறிக்கட்டிகளைச் சோதித்ததில் 2-இல் புற்றுச் செல்கள் இருந்தன. அதனால் ஸ்டேஜ் 3. எல்லாவற்றையும் எடுத்த பிறகு எதற்குக் கீமோ என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். நெறிக்கட்டி வரை போன செல்கள் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் வேறெங்காவது தங்கியிருக்கலாம், அதற்காகத்தான் என்று டாக்டர் சொன்ன பிறகே ஒத்துக்கொண்டார்.

அதற்கு முன் ஸ்டோமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடலை வெட்டி ஒட்டிய இடம் ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பதால், சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து அதன் மேல் பை ஒட்டியிருந்தார்கள். வெளியே தெரியும் அந்தக் குடல் வாய்தான் ஸ்டோமா. தற்காலிகம்தான். ஆனாலும் முதல் தடவை அதைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயின் உட்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும்; தொட்டால் வலிக்காது. நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை நான் வேகமாகக் கற்றுக்கொண்டு பையை நானே மாற்ற ஆரம்பித்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அப்பா ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

மூன்றாவது வாரத்தில் பை கசிய ஆரம்பித்தது. ஒரே ராத்திரியில் இரண்டு தடவை படுக்கை நனைந்தது, சுற்றியிருந்த தோல் வெந்துபோன மாதிரி சிவந்துவிட்டது. சிறுகுடலிலிருந்து வருவது தண்ணியாக இருக்கும், அதில் செரிமானச் சாறு கலந்திருப்பதால் தோலில் பட்டால் அரித்துவிடும். ஸ்டோமா நர்ஸிடம் போனோம். அவர் பார்த்த உடனே கண்டுபிடித்தது, நான் முதல் வாரத்து அளவிலேயே, பையைத் தோலில் ஒட்டும் தகட்டில் துளை வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை. ஆபரேஷன் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதம் வரை ஸ்டோமாவின் வீக்கம் வற்றிக்கொண்டே வருமாம். ஒவ்வொரு தடவையும் அளந்து, அதைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். காலையில் எதுவும் சாப்பிடுவதற்கு முன் மாற்றினால் அந்த நேரத்தில் ஒழுகுவது குறைவு, மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட்டால் பையின் கனம் தகட்டை இழுக்காது என்றும் சொன்னார். கடைசியாக அப்பாவைப் பார்த்து, "நீங்க ஏன் செய்யறதில்லை?" என்று கேட்டார். "இவ விடமாட்டேங்கறா" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விருப்பமில்லாமல்தான் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். மகள் எதிரே அப்படிப் படுத்திருக்கக் கூச்சப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவரே மாற்றினார். நான் வெளியே கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. கசியவில்லை.

கீமோ 3 மாதம் என்று முடிவாகியிருந்தது. 3 வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், அதோடு 14 நாள் கேப்சைட்டபீன் மாத்திரை, பிறகு ஒரு வாரம் ஓய்வு. இப்படி 4 சுற்று. முன்பெல்லாம் எல்லோருக்கும் 6 மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட முடிவில், ஸ்டேஜ் 3-லேயே ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்துக் கூட்டில் 3 மாதம் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது, நரம்பு பாதிப்பு மட்டும் நிறையக் குறைகிறது என்று தெரிந்ததாம்.

முதல் டிரிப்ஸ் முடிந்த அன்றைக்கே குளிர் அவரைப் படுத்த ஆரம்பித்தது. குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தவர் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டது போலப் பதறிப்போனார். இதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் நேரில் பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. பிரிட்ஜைத் திறக்கக் கையுறை, குடிப்பதெல்லாம் வெதுவெதுப்பாக என்று மாறிவிட்டோம். அந்தக் குளிர்த் தொல்லை சில நாளில் போய்விடும். விரல் மரத்துப்போவது வேறு. மருந்து சேரச் சேர அது கூடும், மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடலாம், சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை. அதைத்தான் அப்பா மறைத்திருந்தார்.

அன்றைக்கு டாக்டரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. வண்டியிலேயே பேசி வைத்திருந்தோம், அவரே சொல்வதாக. "பொத்தான் போட முடியல டாக்டர்" என்றார். நாங்கள் கேட்கும் கேள்வியே அதுதான், பொத்தான் போட முடிகிறதா, பேனா பிடிக்க முடிகிறதா என்று டாக்டர் சொன்னார். கடைசிச் சுற்றில் ஆக்ஸாலிபிளாட்டினை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். "அப்போ நோய் திரும்ப வந்துருமா?" என்று அப்பா கேட்டபோது குரல் நடுங்கியது. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் சிகிச்சையைச் சேர்ந்ததுதான், அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறோம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டோம். எழுதுவது அப்பா, படிப்பது நான். பையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், எடை, விரல், காய்ச்சல். ஸ்டோமா இருக்கும்போது மாத்திரையால் வயிற்றுப்போக்கும் வந்தால் உடம்பில் நீர் வற்றிவிடும், அதனால் அந்த முதல் இரண்டும் முக்கியம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு நாள் நடு இரவில் 38.3 என்று அவரே எழுதி என்னை எழுப்பினார். வெள்ளை அணுக்கள் இறங்கியிருந்தன, 4 நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள்.

இப்போது ஸ்டோமாவை மூடிக் குடலை உள்ளே சேர்த்தாகிவிட்டது. விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. பெற்றோருக்கு இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதில், அல்லது அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனாஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். எனக்கு 40 தாண்டிவிட்டது. அப்பா கவலைப்படுவாரே என்று அவரிடம் சொல்லாமல் தேதி வாங்கி வைத்திருந்தேன். குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த பவுடர் பாக்கெட்டை அலமாரியில் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. நோட்டை எடுத்து, ஒரு புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.