தேர்வு வேண்டும் என்று கேட்ட தாய்மார்கள்

வடசென்னையில் என் இளைய மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதால், வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூடும் எங்கள் கூட்டங்களில் அதிகம் பேசுபவர்கள் தாய்மார்களே. கழிப்பறைக் கதவு, குடிநீர்க் குழாய், பள்ளி வாசலில் தேங்கும் மழைநீர் என்று வழக்கமாகப் போகும் பேச்சு, சென்ற கூட்டத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரே கேள்வியில் நின்றது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே அந்தக் கேள்வி. தேர்வு வேண்டாம் என்பதில் உறுதியான கருத்தோடு போன நான், வேண்டும் என்றவர்களின் பேச்சைக் கேட்டபின் அதே கருத்தோடுதான் திரும்பினேன் என்றாலும், அவர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தொடங்கிவைத்தவர், காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு தாய். அவருடைய மகன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் ரேஷன் கடைக்குப் போகும்போது மகனையும் அழைத்துப் போவார். ஒரு நாள் கடையின் கரும்பலகையில் 'துவரம் பருப்பு இருப்பு இல்லை' என்று எழுதியிருந்திருக்கிறார்கள். பையன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, 'பருப்பு' வரைக்கும் வந்து, 'இருப்பு' என்பதையும் ஒருவழியாகச் சொல்லிவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டான். கடைசிச் சொல்லுக்கு அவன் போகவே இல்லை. பருப்பு இருக்கிறது என்று நம்பிய அம்மா முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, தம் முறை வந்தபோது வெறும் பையோடு திரும்பினார். அந்தப் பையனின் மதிப்பெண் அட்டையைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசைமீது விரித்து வைத்தார். தமிழ்ப் பாடத்துக்கு நேராக 'பி' என்று இருந்தது.

"டீச்சர், நான் படிக்காதவ. பி-ன்னா நல்லாத்தான் படிக்கிறான்னு நெனச்சேன். பெயிலுன்னு போட்டிருந்தா அன்னிக்கே ஓடி வந்து கேட்டிருப்பேன்" என்றார் அவர். தலைமையாசிரியை உட்பட யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நாலைந்து தாய்மார்கள் ஒரே நேரத்தில், "பரீட்சை வெச்சாதான் டீச்சர் தெரியும்" என்று பேசத் தொடங்கினார்கள்.

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றும், எந்தப் பொதுத்தேர்விலும் தேறியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் விதித்தது. 2019இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்கவும், தவறிய குழந்தைக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு வைக்கவும், அதிலும் தவறினால் நிறுத்திவைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்யவும் வழிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தமிழ்நாட்டில் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு யாரையும் நிறுத்திவைக்க மாட்டோம் என்று அரசு சொல்லியும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2020 பிப்ரவரி 4 அன்று அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பின்னர் 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் விதிகளைத் திருத்தி, கேந்திரிய வித்யாலயா போன்ற தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாட்டு அரசு அந்த வழியில் போகாது என்று அறிவித்தது.

2019 செப்டம்பரில் பொதுத்தேர்வு அறிவித்ததிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது வரையிலான ஐந்து மாதங்களில் நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். பாரிமுனை பந்தர் தெருவில் நோட்டுப் புத்தகமும் கைடும் மொத்த விலைக்கு விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. அதுவரை கைடு என்றால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும்தான் பெரிய அளவில் போகும். அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே, ஐந்தாம் வகுப்புக்கு மாதிரி வினாத்தாள் இருக்கிறதா என்று புறநகர்க் கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அச்சிட்டவர்களும் வேகமாக அனுப்பிவைத்தார்கள். ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். கோடிட்ட இடம், பொருத்துக, ஓரிரு சொற்களில் விடை எழுதுக என்று பாடநூலின் பின்பக்கக் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் மட்டுமே இருந்தன. ஒரு புதுப் பத்தியைக் கொடுத்து, படித்துப் புரிந்துகொள் என்று கேட்கும் பக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. அதை மனப்பாடம் செய்த குழந்தை தேறியிருக்கும். ஆனால் ரேஷன் கடைப் பலகையின் மூன்றாவது சொல்லில் அதுவும் நின்றிருக்கும். பிப்ரவரியில் தேர்வு ரத்தானதும் கட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. அவற்றைத் திருப்பம் என்று பதிவேட்டில் எழுதியவன் நான்தான்.

கூட்டத்தில் நான் எழுந்து பேசியது என் அக்காவைப் பற்றி. 1998இல் அவர் ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவைக்கப்பட்டார். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட விரும்பும் பள்ளிகள், தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதிலேயே வடிகட்டிவிடுவது இங்கே நெடுங்காலமாக அறிந்த வழக்கம். அக்காவுக்குக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். மறு ஆண்டு ஜூனில் தன்னைவிடச் சிறிய பெண்களோடு அதே வகுப்பறையில் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். புதிதாக யாரும் அவருக்குக் கணக்கு சொல்லித்தரவில்லை. பழைய பாடமே பழைய வேகத்தில் மறுபடி நடந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு அவர் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் அம்மாவோடு அப்பளம் உருட்ட உட்கார்ந்துவிட்டார். நிறுத்திவைப்பது கற்றுத்தருவது ஆகாது என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். பதினான்கு வயதுப் பெண்ணையே அது வீட்டுக்கு அனுப்பியது என்றால், பத்து வயதுக் குழந்தையை என்ன செய்யும் என்று யோசிக்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

மீன் விற்கும் அந்த அம்மா நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணா, நிறுத்த வேணாம். ஆனா எம் புள்ளைக்குப் படிக்க வரலன்னு எனக்கு யாரு சொல்றது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் ஆசிரியை ஒருவரிடமிருந்து வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தொடக்க வகுப்புகளில் பணியாற்றுபவர் அவர். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கும் படியைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பதை விளக்கினார். "எந்தப் பிள்ளை எழுத்தில் நிற்கிறது, எது சொல்லில் நிற்கிறது, எது பத்தி படிக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். மதிப்பீடு செய்து செயலியில் ஏற்றியும் விடுகிறோம். வட்டார வள மையத்துக்குத் தெரியும், மாவட்டத்துக்குத் தெரியும், இயக்ககத்துக்கும் தெரியும். உங்களிடம்தான் சொல்லாமல் விட்டுவிட்டோம்" என்றார். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டவற்றுள் மிக நேர்மையான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

தேர்வு என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு வேலைகளைச் சுட்டுவதுதான் இந்த விவாதத்தைக் குழப்புகிறது. பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது ஒரு வேலை. பள்ளிகளும் மாநிலமும் எந்த நிலையில் உள்ளன என்று அளப்பது இரண்டாவது. இந்தப் பிள்ளைக்கு நாளைக் காலையில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று கண்டுபிடிப்பது மூன்றாவது. ஒன்றுக்காக வைத்த தேர்வு மற்றொன்றைச் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதால்தான் இரு தரப்பும் ஏமாறுகிறது.

இரண்டாவது வகையை நான் எதிர்க்கவில்லை. 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 74,000 பள்ளிகளில் 21 லட்சம் மாணவர்களிடம் தேசிய அளவிலான அடைவு ஆய்வு நடந்தது. மூன்று, ஆறு, ஒன்பது ஆகிய வகுப்புகளில் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் நடந்த அந்த ஆய்வில் எந்தக் குழந்தையும் தேறவும் இல்லை, தவறவும் இல்லை. 2025 பிப்ரவரியில் மாநிலத் திட்டக் குழு 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடத்திய மாநில அடைவுத் தேர்வும் அதே நோக்கம் கொண்டதே. இத்தகைய அளவீடு கசப்பான உண்மையைச் சொல்லும்போது அதைக் கேட்டுக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும். பதினைந்து வயது மாணவர்களின் திறனை நாடுதோறும் அளக்கும் பன்னாட்டு பீசா தேர்வில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்று, 2011 இறுதியில் முடிவு வந்தபோது, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. வினாக்கள் நம் குழந்தைகளின் சூழலுக்கு ஒவ்வாதவை என்று சொல்லி இந்தியா அடுத்தடுத்த சுற்றுகளிலிருந்து விலகியது. அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை அது மாற்றிவிடவில்லை.

என்றாலும், அளக்கும் தேர்வையும் நாம் மெல்ல மெல்லத் தீர்ப்புத் தேர்வாக்கிவிடுகிறோம். என் மூத்த மகள் மாநில அடைவுத் தேர்வு நடந்த 2025 பிப்ரவரியில் எட்டாம் வகுப்பில் இருந்தாள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்று முதல் நாற்பது வரை எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே நான்கு வட்டங்கள், அவற்றில் ஒன்று கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் கோட்டைத் தாண்டாமல் நிரப்பப்பட்டிருந்தது. அப்படி ஆறு பக்கங்கள் இருந்தன. கேள்வி எங்கே என்று கேட்டேன். "கேள்வி கிடையாதுப்பா, வட்டம் போட்டுப் பழகுறோம்" என்றாள். அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். ஓஎம்ஆர் தாளைத் தவறாக நிரப்பி மதிப்பெண் குறைந்தால் விளக்கம் கேட்கப்படுபவர் அவர்தான். மாவட்டங்களையும் பள்ளிகளையும் வரிசைப்படுத்திப் பேசத் தொடங்கிய உடனேயே, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கான நேரம் வட்டத்துக்குப் போய்விடுகிறது. 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியபோது நாம் இதைப் புரிந்துகொண்டோம் என்றே நினைத்திருந்தேன்.

பொதுத்தேர்வால் பயனே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தன என்பதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. அது பாடத்தை நடத்தவைத்தது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமையையும் பிள்ளைகள்மேல் ஏற்றியது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பாடம் நடக்கிறதா என்று இனி யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஐந்து மணி ஆகும்போது தீர்மானம் எழுத உட்கார்ந்தோம். பொதுத்தேர்வு கோரும் தீர்மானத்துக்குப் பெரும்பான்மை இல்லை. அதை எதிர்க்கும் தீர்மானத்தில் கையெழுத்திடவும் சில தாய்மார்கள் மறுத்தார்கள். இறுதியில் எல்லாரும் ஒப்புக்கொண்டது இரண்டு செய்திகளை. பள்ளி எழுதும் எந்த அடைவுத் தேர்வின் முடிவும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தமிழில் வாசித்து விளக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும், மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்கும் நாளில், பிள்ளை தான் அதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைப் பெற்றோர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்க வராவிட்டால் அடுத்த பருவத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதை ஆசிரியர் அங்கேயே சொல்ல வேண்டும்.

மற்றப் பிள்ளைகள் எதிரில் திணறினால் குழந்தை கூசிப்போகும் என்று அந்த ஆசிரியை எடுத்துச் சொன்னதால், ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே அழைப்பது என்று சேர்த்துக்கொண்டோம். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஆறு மணி நேரம் ஆகும், ஒரே நாளில் முடியாது என்றார் தலைமையாசிரியை. இரண்டு சனிக்கிழமைகள் என்று திருத்தி எழுதினோம். சனிக்கிழமை காலை தமக்கு வியாபார நேரம் என்பதால் பதினொரு மணிக்குமேல் தம் பெயரைப் போடுமாறு சொல்லிவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தார் மீன் விற்கும் அம்மா.