பரிசீலனையில் உள்ளது

டிசம்பர் 11, 2025, வியாழன்

கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப்பானை ஆகிய மூன்று படத்தொகுதிகளையும் இன்றிரவுக்குள் படம் விற்கும் தளங்களில் ஏற்றிவிட வேண்டும். வாழ்த்து அட்டையும் தள்ளுபடி விளம்பரமும் வடிவமைப்பவர்கள் பண்டிகைக்குப் பல வாரங்களுக்கு முன்பே படம் தேடத் தொடங்கிவிடுவார்கள் என்பதும், பரிசீலனைக்குப் போகும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் பொங்கல் படங்களை அக்டோபரிலேயே கொடுத்திருக்க வேண்டும் என்பதும் இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்தவை. அக்டோபரில் என் கவனம் எங்கே இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மருத்துவமனையின் மூன்றாம் மாடி வராந்தாவில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்கிறது. அதனருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இங்குள்ள குழல்விளக்கின் நீல வெளிச்சத்தில், திரையில் தெரியும் நிறத்தை நம்பி மஞ்சளைத் திருத்த முடியாது என்பதால் தலைப்புகளும் குறிச்சொற்களும் மட்டும் எழுதினேன். அத்தளங்களில் ஒன்றான அடோபி ஸ்டாக்கில் ஒரு படத்துக்கு 49 குறிச்சொற்கள் வரை இடலாம். ஆனால் முதல் பத்துக்குத்தான் எடை அதிகம். பொங்கலை முதலில் வைப்பதா, அறுவடையை முதலில் வைப்பதா என்று ஒவ்வொரு படத்துக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. பொங்கல் என்று தேடுகிறவர் ஜனவரி 15க்குப் பிறகு வரமாட்டார். அறுவடை என்று தேடுகிறவர் ஆண்டு முழுவதும் வருவார், ஆனால் அவர் எதிர்பார்ப்பது கோதுமை.

அறுவைக்காகச் சேர்த்திருக்கும் அத்தையை மயக்க மருந்து மருத்துவர் நாளைதான் பார்ப்பாராம்.

டிசம்பர் 12, வெள்ளி

மூன்று தொகுதிகளும் பரிசீலனையில் உள்ளன. அத்தையும்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

தன் படம் இப்போது எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்று அத்தை இன்று கேட்டார். வலி குறைந்திருந்த நேரம் அது. பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்டிருக்கலாம். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. கொல்லைப்படியில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கும் அந்த ஒரு படத்தைத்தான் அவர் ‘என் படம்’ என்பார். 2019இல் எடுத்தது. மற்ற படங்கள் அனைத்தும் சேர்ந்துதான் அது ஒன்று விற்கிற அளவுக்கு விற்கும்.

ஒரு தளம் உலக வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும். மற்றொன்றில் தேதியும் சென்ட் கணக்கும் மட்டும் தெரியும். வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார் என்பதை நான் விற்கும் எந்தத் தளமும் எனக்குச் சொல்வதில்லை. சாவோ பாவ்லோ, வார்சா, மணிலா என்று நினைவில் இருந்த புள்ளிகளைச் சொன்னேன். மணிலா எங்கே இருக்கிறது என்று கேட்டார். சாதாரண உரிமத்திலேயே 5 லட்சம் பிரதிகள் வரை அச்சிட்டுக்கொள்ளலாம் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியானால் அன்றைக்கு வேறு புடவை கட்டிக்கொண்டிருப்பேனே என்றார்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நாளைக்கே நான் அந்தப் படத்தை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கினாலும், ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்களின் உரிமை நீங்காது. படத்தில் இருப்பவர் அதை விற்கச் சம்மதம் தரும் மாடல் ரிலீஸ் படிவத்தில் அவர் முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். எதிர்வீட்டு அக்கா சாட்சி. ‘மதிப்புள்ள பிரதிபலனைப் பெற்றுக்கொண்டு’ என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. அந்த வாரம் நான் வாங்கிக் கொடுத்த மூக்குக்கண்ணாடிதான் அந்தப் பிரதிபலன் என்று இருவரும் சிரித்துக்கொண்டோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. குளிப்பதற்காக வீட்டுக்கு வந்தவன் விடியுமுன் தெருவில் இறங்கிக் கோலங்களைப் படமெடுத்தேன். தெருவிளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் சமமாக நிற்கும் பத்து நிமிடங்கள் மிக அருமையானவை. ஆனால் கோலம் போட்டவரின் கைவண்ணத்தை என் பெயரில் விற்பதற்கு ப்ராபர்ட்டி ரிலீஸ் என்ற உரிமையாளர் அனுமதிப் படிவம் கேட்கும் பரிசீலகர்கள் உண்டு. நாளை காலை அழிந்துவிடும் கோலத்துக்குச் சொத்துரிமைப் படிவம் நீட்டினால் தெருவில் என்னை என்ன நினைப்பார்கள் என்பது வேறு கதை. எதிர்வீட்டு அக்கா மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அத்தைக்கு என்று பூண்டு ரசம் கட்டிக் கொடுத்தார்.

டிசம்பர் 17, புதன்

பிற்பகலில் சில மணி நேரம் வீட்டில் கிடைத்தது. வெற்றிலையும் கருவேப்பிலையும் வெள்ளைப் பின்னணியில் எடுத்தேன். பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குத்தான் எரிச்சல்: பின்னணி முற்றிலும் வெள்ளையாக, அதாவது மூன்று நிறத் தடங்களிலும் உச்ச அளவான 255 ஆக இருக்க வேண்டும், ஆனால் அந்த வெளிச்சம் இலையின் விளிம்பைத் தின்றுவிடவும் கூடாது. சார்ட் பேப்பருக்குத் தனியாக ஒரு விளக்கு, இலைக்குப் பக்கவாட்டில் ஒன்று, எதிர்ப்புறம் நிழலைத் தணிக்கத் தெர்மாகோல், விளிம்பு மங்காமலிருக்க இலைக்கு இருபுறமும் கறுப்பு அட்டை. வெற்றிலையின் பளபளப்பில் சன்னல் கம்பிகள் தெரிந்துகொண்டே இருந்தன. வடிவமைப்பவர் வெட்டியெடுத்து வேறொன்றின்மேல் ஒட்டுவதற்காக வாங்கும் படம் இது; இதில் ஊரும் இருக்கக்கூடாது, நேரமும் இருக்கக்கூடாது. கும்பகோணம் வெற்றிலை என்று நான் எழுதலாம், வாங்குகிறவருக்கு அது பச்சை இலை.

டிசம்பர் 18, வியாழன்

இரவு தூக்கம் வராமல் ‘தென்னிந்தியப் பாட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடினேன். முதல் வரிசைகளில் பாதிக்கும் மேல் இயந்திரம் உருவாக்கியவை. அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து அவற்றை ஏற்கிறது. செயற்கை நுண்ணறிவில் உருவானவை என்று குறித்துக் கொடுக்க வேண்டும். மற்றொரு பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் அதே ஆண்டு செப்டம்பரில் அவற்றுக்குக் கதவை அடைத்தது. அந்தப் பாட்டிகள் எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். ஆனால் முந்தானை எங்கிருந்து தொடங்குகிறது என்று விரலால் தொடர்ந்து போனால் அது கொசுவத்துக்குள்ளேயே போய்க் கரைந்துவிடுகிறது. தாலிச்சரடு கழுத்துத் தோலோடு ஒட்டியிருக்கிறது. ஒரு பாட்டிக்கு வளையல் மணிக்கட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. வாங்குகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா? வார்சாவில் இருப்பவர் கொசுவத்தை ஏன் எண்ணப்போகிறார்?

என்னை விழித்திருக்க வைத்தது அதுவல்ல. அடோபி 2023 மார்ச்சில் ஃபயர்ஃபிளை என்ற படமாக்கும் இயந்திரத்தை வெளியிட்டபோது அதை அடோபி ஸ்டாக் படங்களைக் கொண்டு பயிற்றுவித்ததாக வெளிப்படையாகவே சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் பங்களிப்பாளர்களுக்கு ஒரு போனஸும் கொடுத்தது. ஆக, அத்தையின் சிரிப்பும் அதற்குள் போயிருக்கக்கூடும். இந்தப் பாட்டிகளில் எவருடைய வாயோரத்திலாவது அது இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைத்த மாவில் ஓர் அரிசியைத் தேடும் வேலை. இதே போன்ற வேறொரு படமாக்கும் இயந்திரத்தை உருவாக்கிய ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின்மேல் கெட்டி இமேஜஸ் தொடுத்த வழக்கில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் நவம்பர் 4 அன்று சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: அந்த இயந்திரத்துக்குள் படங்களின் பிரதி எதுவும் சேமிக்கப்பட்டிருக்கவில்லை, ஆகவே அதனைக் காப்புரிமையை மீறிய பிரதி என்று கொள்ள முடியாது. கெட்டியின் பெயர்க்குறியான வாட்டர்மார்க் இயந்திரம் உருவாக்கிய சில படங்களில் வெளிப்பட்டது குறித்த வணிகக்குறி வாதம் மட்டும் ஓரளவு நின்றது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அத்தை கையெழுத்திட்ட படிவத்தில் இயந்திரம் என்ற சொல்லே இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

சோடியம் குறைவு. அறுவை தள்ளிப்போகிறது.

டிசம்பர் 22, திங்கள்

முடிந்தது. வலது இடுப்பில் பாதி மூட்டு மாற்றியிருக்கிறார்கள். விழித்ததும் முதலில் மூக்குக்கண்ணாடி கேட்டாராம்.

டிசம்பர் 24, புதன்

பெங்களூருவில் இருக்கும் அத்தை மகள் வாட்ஸாப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். கூடவே ஒரு கேள்விக்குறி. தெலுங்கில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம். ஏதோ மூட்டுவலித் தைலம். முறத்தை வெட்டிவிட்டார்கள். கொல்லைப்படி இருந்த இடத்தில் பச்சை மலைகள். அத்தை அதே சிரிப்புச் சிரிக்கிறார். மடியிலிருந்து கீழே வேறு யாருடைய கால்களையோ ஒட்டி, முழங்காலில் சிவப்பு வட்டம் ஒளிர்கிறது. வலது கால்.

டிசம்பர் 26, வெள்ளி

கரும்புத் தொகுதியின் முடிவு வந்தது. பாதிக்குமேல் நிராகரிப்பு: ‘இதையொத்த படங்கள் ஏற்கெனவே உள்ளன’. கரும்பு கரும்பை ஒத்துத்தான் இருக்கும். மஞ்சள் கொத்து முழுவதும் ஏற்கப்பட்டுவிட்டது. பானையில் ஒன்றுக்கு ‘குவியம் சரியில்லை’ என்ற காரணம். பொங்கி வழியும் நுரையில் குவியம் வைத்து, பானையை வேண்டுமென்றே மங்கலாக விட்ட படம் அது. அதையே வேறு இரண்டு தளங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டன. பரிசீலிப்பவர் மனிதரா மென்பொருளா என்று இப்போதெல்லாம் நான் யோசிப்பதில்லை. யோசித்தால் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் போகிறது.

டிசம்பர் 30, செவ்வாய்

டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் நாளையோடு காலாவதியாகிறது. 2022இல் கையெழுத்திட்டது, கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாம் ஆண்டின் கடைசி நாள் வரை செல்லும். புதுப்பிக்காவிட்டால் அமெரிக்காவில் விற்கும் படங்களின் ராயல்டியில் 30 விழுக்காடு வரியாகப் பிடிப்பார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு, பான் எண்ணும் கொடுத்தால் 15. வைகுண்ட ஏகாதசிக்கு விழித்திருந்தவர்கள் நடமாடிக்கொண்டிருந்த தெருவைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு அதை நிரப்பினேன். அத்தை வாக்கரைப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி வந்தார்.

ஜனவரி 1, 2026, வியாழன்

2000இல் கனடாவின் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ என்ற படத்தளத்தில் முதலில் படங்கள் இலவசம். 2003இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் ஷட்டர்ஸ்டாக் என்ற பட விற்பனைத் தளத்தைத் தொடங்கியபோது அதில் வைத்தவை அவரே எடுத்த 30,000 படங்கள். அதாவது இத்தொழிலின் முதல் பங்களிப்பாளர்களில் ஒருவர் முதலாளியேதான். இந்த நினைப்பு எனக்கு அவ்வப்போது வேடிக்கையாக இருக்கும். 2020 ஜூன் 1 முதல் ஷட்டர்ஸ்டாக்கில் விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்துப் பங்களிப்பாளருக்கு 15 முதல் 40 விழுக்காடு வரை பங்கு தரும் படிநிலைகள் வந்தன. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று எல்லோரும் மீண்டும் முதல் படியில் நிற்க வேண்டும். அந்த மாற்றம் வந்தபோது உலகெங்கும் பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தி எதிர்ப்புக் காட்டினார்கள்.

இன்று காலை முதல் விற்பனை, ஏதோ ஒரு கருவேப்பிலை, பத்து சென்ட். ஏறத்தாழ ஒன்பது ரூபாய். இம்மருத்துவமனைத் தேநீர் அதைவிட விலை அதிகம். ஆனால் அந்தக் கருவேப்பிலை நாளையும் விற்கும்.

ஜனவரி 3, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மேல்நாட்டுக் கழிப்பறை நாற்காலியை என் சாஃப்ட்பாக்ஸ் விளக்கு நின்ற இடத்தில்தான் போட முடிந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

அந்த விளம்பரத்தை அத்தையிடம் காட்டிவிட்டேன். அவர் கைப்பேசியைக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அந்தக் கால்கள் தன்னுடையவை அல்ல, இவ்வளவு மெலிந்த கணுக்கால் தனக்கு என்றுமே இருந்ததில்லை என்பதுதான் அவருடைய முதல் புகார். பிறகு அந்தத் தைலம் நல்லதா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். விசாரித்துச் சொல் என்றார். கெட்ட தைலமாக இருந்தால் தன் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குத் தான் என்ன பதில் சொல்வது?

நோயாளியாகவோ, மருந்து உட்கொள்பவராகவோ, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவராகவோ மாடலைக் காட்டக்கூடாது என்று உரிம விதிகளில் எழுதியிருக்கிறது. நான் அவற்றைப் பலமுறை படித்திருக்கிறேன். அவரோ படிக்காமலே அதே இடத்துக்கு நேராக வந்துவிட்டார்.

ஜனவரி 6, செவ்வாய்

புகார் கொடுப்பதா? அந்தப் படம் நான்கு தளங்களில் இருக்கிறது. தைலக்காரர் எதில் வாங்கினார், அல்லது எங்கேயும் வாங்காமல் வலைப்பக்கம் எதிலிருந்தாவது எடுத்துக்கொண்டாரா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. நான்குக்கும் எழுதினால், உரிமம் விற்ற தளம் வாடிக்கையாளரைத் தொடர்புகொள்வதாகச் சொல்லும். மற்றவை தங்கள் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லும். படத்தையே நீக்கிவிட்டால் புதிதாக எவரும் வாங்க முடியாது. தைலமோ அப்படியேதான் இருக்கும். நீக்கினால் மாதத்தில் பாதி வருமானம் போகும். பிசியோதெரபி செலவும் அந்தப் பாதியிலிருந்துதான் போகிறது. இதை அவரிடம் சொன்னால் வைத்துக்கொள் என்பார். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன். எழுத்தில் அனுமதி கொடுத்தவர் அவர், காப்புரிமை என்னுடையது, உரிமம் வேறொருவரிடம், முகம் மட்டும் இன்னும் அவருடையது.

துண்டுப் பிரசுரத்தின் கீழே ஒரு தொலைபேசி எண் இருக்கிறது.

ஜனவரி 7, புதன்

தைலம் தபாலில் வருமாம். ஒரு புட்டி சொல்லியிருக்கிறேன். எதிர்முனையில் பேசிய பெண் தமிழில் நன்றாகவே பேசினார். யாருக்கு வலி என்று கேட்டார், அத்தைக்கு என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

கோலத் தொகுதி பரிசீலனையில் உள்ளது. மஞ்சள் கொத்து ஒரே நாளில் ஐந்தாறு முறை விற்றிருக்கிறது. எல்லாம் தாமதமாகத் தேடுகிறவர்கள், அவர்கள் நலமாக இருக்கட்டும். தளங்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் பத்தி முடிந்தது. இரண்டாம் பத்தியில் அவருடைய இப்போதைய உடல்நிலையைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்று அவரையே கேட்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பத்து மணிக்கு வருகிறார், அவர் போன பிறகு