வேறு வேறு கிருமி, ஒரே பிளாஸ்மிட்

மருத்துவமனை ஆய்வகத்தில் என் வேலை, கிருமிகளின் மரபணுத்தொகுதியைப் படித்து, தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதா என்று சொல்வது. துப்பறியும் வேலை என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கணினி முன் உட்கார்ந்து டிஎன்ஏ எழுத்துகளின் வித்தியாசங்களை எண்ணிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

ஒருமுறை ஐசியூவில் ஒரே வாரத்தில் மூன்று பேரின் கல்ச்சரில் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்க்கும் சோதனை) மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. மூன்றின் ஆன்டிபயாகிராமும், அதாவது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற பட்டியலும், அச்சு அசல் ஒன்றுதான். யாரோ ஒழுங்காகக் கை கழுவவில்லை என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது. பழி எப்போதும் போல செவிலியர்கள் பக்கம்தான் போனது.

டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சீக்வென்சிங்கின் முடிவு வந்தது. க்ளெப்சியெல்லாவின் மரபணுத்தொகுதி சுமார் 55 லட்சம் எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு கிருமிகளுக்கும் இடையே வித்தியாசம் மூன்றே எழுத்து. மூன்றாவதோ ஆயிரக்கணக்கில் விலகி நின்றது. வம்சாவளி மரம் வரைந்தால் அது வேறு மூலையில் போய் உட்கார்ந்தது. சரி, அவர் வெளியிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார் என்று முடிவு செய்து, 'தொடர்பில்லை' என்று அறிக்கை எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சில வாரங்கள் கழித்து நான்காவது நோயாளி. இவருக்கு வந்தது எண்டரோபாக்டர். இனமே வேறு, பிறகு எதை ஒப்பிடுவது? அதை நான் சீக்வென்சிங்குக்கு அனுப்பக்கூட இல்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மூத்த செவிலியர் படுக்கை வரைபடத்தோடு வந்து நின்றார். "உங்க மரம் என்ன வேணா சொல்லட்டும். நாலு பேரும் படுத்திருந்தது அந்த சின்க் பக்கத்துலதான்."

நான் பார்த்தது கிருமியின் வம்சத்தை மட்டும். கிருமிக்கு மருந்து எதிர்ப்புத்திறனைத் தரும் மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. அது ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், இனம் விட்டு இனமும் தாவும். நாங்கள் வழக்கமாகச் செய்யும் சீக்வென்சிங் டிஎன்ஏவை சுமார் 150 எழுத்துத் துண்டுகளாகத்தான் படிக்கும். பிளாஸ்மிட்டிலோ ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். எந்தத் துண்டு எங்கே ஒட்டும் என்று தெரியாமல் வளையம் சிதறிப்போகும். ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் படிக்கும் நானோபோர் முறையில் நான்கையும் ஓட்டினோம். நான்கிலும் மெரோபெனெமைச் செயலிழக்க வைக்கும் என்டிஎம் மரபணு, அதைச் சுமந்த பிளாஸ்மிட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. சின்க் வடிகுழாயில் எடுத்த ஸ்வாபில் வளர்ந்த கிருமியிலும் அதுவே.

இத்தனைக்கும் வடிகுழாய் எனக்குப் புதிய விஷயமே அல்ல. 2011இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில் க்ளெப்சியெல்லா 18 பேருக்குப் பரவியது. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் 6 பேர் அந்தத் தொற்றால். முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டாமவரிடம் கிருமி தெரிந்தது. இருந்தாலும் முதல் நோயாளியிடமிருந்துதான் பரவியது என்று சீக்வென்சிங் காட்டியது. அங்கேயும் வடிகுழாய்களில் கிருமி இருந்தது, சுத்தம் செய்து வைத்த வென்டிலேட்டரில்கூட இருந்தது. இதையெல்லாம் பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

இன்னொரு சங்கடம், தட்டில் வளரும் நூறு காலனிகளில் (கிருமிக் கூட்டங்களில்) நாங்கள் எடுத்துப் படிப்பது ஒன்றைத்தான். ஒரே நோயாளியின் குடலில் இரண்டு வகை இருந்தால் ஒன்று நம் கண்ணில் படாமலே போகும்.

வடிகுழாயை மாற்றினார்கள். நோயாளிக்கான எந்தப் பொருளையும் சின்க் அருகே வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அப்புறம் அந்த மூத்த செவிலியர் என் பழைய அறிக்கையைத் திருத்தித் தரச் சொன்னார். 'தொடர்பில்லை' என்பதை அடித்துவிட்டு, 'கிருமிகளுக்குள் நெருங்கிய உறவில்லை, பிளாஸ்மிட் ஒப்பிடப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதை அன்னைக்கே எழுதியிருக்கலாம்" என்றார்.