ஷெர்மன் வந்துபோன ஊரில்

பக்கத்து வீட்டு அம்மையார் எங்களை முதன்முதலாகத் தேநீருக்கு அழைத்திருந்தார். பேச்சுவாக்கில், "அந்த ஆள் எங்கள் களஞ்சியத்தைக் கொளுத்தினான், ஒரு பன்றிக்குட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை" என்றார். போன வாரத் திருட்டைச் சொல்லும் சூடு. நடந்ததோ 1864இல், அவருடைய பாட்டியின் பாட்டி காலத்தில். 'அந்த ஆள்' அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களை எதிர்த்த வடக்குப் படையின் தளபதி வில்லியம் டெகும்சே ஷெர்மன்.

அட்லாண்டாவுக்குச் சற்று வடக்கே, மரியெட்டாவில் இருக்கிறோம். ஞாயிறுகளில் கென்னசா மலையேறிப் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கிறோம். பக்கத்தில் பழைய பீரங்கிகள். அங்கே 1864 ஜூன் 27 அன்று நேருக்கு நேர் மோதி, ஷெர்மன் அடிவாங்கித் திரும்பினார். ஆனாலும் செப்டம்பரில் அட்லாண்டா அவர் கைக்குப் போனது. ஊர்மக்களை வெளியேறச் சொன்னார். நவம்பரில் ஏறத்தாழ 60,000 வீரர்களோடு கடலை நோக்கிக் கிளம்பினார். வழியெங்கும் தண்டவாளங்களைப் பழுக்கக் காய்ச்சி மரங்களில் சுற்றிவிட்டுப் போனார்கள். டிசம்பரில் சவானா நகரத்தை லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசென்று தந்தி அடித்தார். அந்தத் திமிரை இங்கே இன்னும் மன்னிக்கவில்லை.

எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அம்மையார் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் ஓட்டப்பிடாரத்துத் திண்ணையில் ஆச்சி வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்து ஆமணக்கு விதைத்த கதையை, விதைத்தவனை நேற்றுப் பார்த்தவள்போலச் சொல்வாள். கோள்மூட்டுகிற எவனும் அவளுக்கு எட்டப்பன்தான். பிடிவாதத்தில் இரண்டு கிழவிகளும் சம்பந்திகள் ஆகியிருக்கலாம்.

என்னை உறுத்துவது வேறு. அலுவலகத்தில் உடன் வேலைசெய்யும் கறுப்பினப் பெண்மணிக்குப் பூர்வீகம் சவானா பக்கம். ஷெர்மனைப் பற்றிக் கேட்டால் களஞ்சியத்தைச் சொல்வதில்லை, நிலத்தைச் சொல்கிறார். 1865 ஜனவரி 16 அன்று ஷெர்மன் ஓர் ஆணை போட்டார்: கடலோரத் தோட்ட நிலங்களைப் பிரித்து, விடுதலையான அடிமைக் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை. அன்பினால் அல்ல, சமத்துவத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, படைக்குப் பின்னால் திரண்டுவந்த கூட்டத்தை எங்காவது அமர்த்த வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் குடியேறி விதைத்தார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எரிந்த களஞ்சியத்தை மறுபடி கட்டிக்கொள்ளலாம். உழுத நிலத்தைப் பிடுங்கிக்கொண்டால்? ஆனால் என் காதில் ஓயாமல் விழுவது பன்றிக்குட்டிக் கணக்குத்தான்.

ஷெர்மனை எதிர்த்து நின்ற தென்படைத் தளபதி ஜோசப் ஜான்ஸ்டன் மட்டும் பகையை வளர்க்கவில்லை. 1891 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஷெர்மனின் இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்குத் துணை நின்றார். எண்பதைத் தாண்டிய மனிதர், கடுங்குளிரில் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். மறுமாதமே நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார்.

நெகிழ்ந்துபோய் இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "வயதான மனிதர், தலையில் ஒரு துண்டையாவது போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். அடுத்த மூச்சில், நான் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்கிறேனா என்று விசாரணை தொடங்கியது.